மூன்றாவது ஹாரன்

என் புருஷன் தங்கப்பாண்டிக்கு ஒரு வேலையில் கால் தரிக்காது. கப்பலூரில் இந்த ரப்பர் கம்பெனிக்கு அடித்த சுண்ணாம்பு காய்வதற்குள் செங்கல் சூளை என்றார், அப்புறம் கோழிப் பண்ணை, கடைசியில் மனை வியாபாரம். மதியம் வாசலில் புல்லட்டை நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். "செல்வி, வா, திருமங்கலத்துல ஒரு இடம் பாத்துட்டு வந்துருவோம்." நானும் மந்திரித்து விட்டவள் மாதிரி போவேன். திரும்பி வந்தால் நான் மெஷினில் வேகவிட்டுப் போன அச்சுக்குள் ரப்பர் கருகிக் கிடக்கும்.

ஒருநாள் மட்டும், "அச்சு உள்ள இருக்கு மாமா, நான் வரல" என்றேன். தனியாகப் போனவரை நாலுவழிச் சாலையில் லாரி அடித்துவிட்டது.

கருமாதி முடிந்து கம்பெனியைத் திறந்த அன்றே ஹாரன் கேட்டது. அதே இரண்டு தடவை. ஓடிப் போய்ப் பார்த்தால் வாசலில் வெயில்தான் இருந்தது. அன்றைக்கும் ரப்பர் கருகியது. அப்புறம் தினமும் இதே கதை. இருந்தபோதும் வேலை பார்க்க விடவில்லை, செத்தும் விடவில்லையே என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

பக்கத்து மெஷினில் நிற்கும் செல்லக்கிளிக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை. நான் ஓடுவது தெரியுமே.

"செத்தவுங்க மூணாந்தரம் கூப்பிட மாட்டாகக்கா. மூணு கேட்டா மட்டும் போங்க, அது மனுசந்தேன்."

அதைப் பிடித்துக்கொண்டேன். ஹாரன் இரண்டோடு நின்றுவிடும், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். கருகல் குறைந்தது. பஸ் கட்டும் கம்பெனிக்கு நேரடியாகச் சரக்குக் கொடுக்க வேண்டும் என்பது நானும் அவரும் சேர்ந்து போட்ட திட்டம். அவர் மறந்துபோனார், நான் மறக்கவில்லை. நடுவில் கொழுந்தன் சிவக்குமார் வந்து, "ரப்பர விட்டுத்தள்ளுங்க மதினி, மண்டபம் கட்டுவோம்" என்றார். அகலக்கால் வைப்பது அந்தக் குடும்பத்து ரத்தம். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒருவழியாக பஸ் கம்பெனியில் மாதிரிச் சரக்கு கேட்டார்கள். இதில் ஒன்று கருகினாலும் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கடைசி அச்சு வெந்துகொண்டிருந்தபோது ஹாரன் அடித்தது. ஒன்று. இரண்டு. நான் தலையைத் திருப்பவில்லை.

மூன்றாவதும் அடித்தது. நீளமாக, கெஞ்சுகிற மாதிரி.

"செல்லக்கிளி, வாசல்ல ஆளு இருக்கா பாரு."

அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "ஒருத்தருமில்லயேக்கா."

கையுறையை இறுக்கிக்கொண்டேன். "நான் வரல மாமா" என்றேன் மெஷினைப் பார்த்து. போன தடவையும் இதைச் சொல்லித்தான் அனுப்பினேன். அச்சைத் திறந்தபோது எல்லாம் ஒன்றுபோல வெந்திருந்தன. கீழே உட்கார்ந்து அழுதேன்.

மாதிரி தேறியது, ஆர்டரும் வந்தது. ஹாரன் மட்டும் அதற்கப்புறம் கேட்கவே இல்லை. விட்டது சனி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மதியமானால் காது தானாக வாசலுக்குப் போனது.

முதல் லோடு ஏற்றும் நாள். அச்சை மூடிய கையோடு நிற்கிறேன், வெளியே இரண்டு தடவை ஹாரன். கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

வாசலில் லாரி நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். "லோடு ஏத்தணும்னாக, இந்தக் கம்பெனிதானக்கா?"

"இதுதேன்" என்றேன். அவர் லாரியை உள்ளே விட்டார். நான் வெறும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது.