அடிப்பிடித்த முதல் சாறு

ஸ்காட்லாந்தின் கெல்ஸோ ஊரில் இன்னஸ் ஹால்டேன் காய்ச்சிய கெட்டி ஏல் பீரை யார் குடித்தாலும், அதன் ருசி அவர் மனைவி ரோனாவின் நாக்கில்தான் தெரிந்தது. குடித்தவருக்குப் போதை மட்டும் மிச்சம். இது தொடங்கிய ஆண்டு ட்வீட் ஆற்றில் மீன் குறைவு, பார்லி நல்ல விளைச்சல்.

ரோனாவின் நாக்கு செத்து இரண்டு வருடமாகியிருந்தது. வந்து போன காய்ச்சல் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அவள் உப்பை அள்ளிப் போட்ட ஓட்ஸ் கஞ்சியை இன்னஸ் வழித்துச் சாப்பிடுவார். ஒருநாள் அவள், "கஞ்சியும் களிமண்ணும் எனக்கு ஒண்ணுதான்" என்று அழுதாள். அந்த நாக்கை எழுப்புகிற மாதிரி ஒரு ஏல் காய்ச்சியே தீருவது என்று அவர் அன்று முடிவுகட்டினார்.

முளைகட்டிய பார்லியிலிருந்து முதலில் வடியும் சாற்றில் ஒரு பங்கைப் பாகாகச் சுண்டக் காய்ச்சி மற்றதோடு சேர்ப்பது அந்த ஊர்ப் பக்குவம். அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஆனால் பக்கத்து வீட்டு டூகல்ட், சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தில் நடுவர் செய்தது சரிதான் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டான். இன்னஸால் பொறுக்க முடியுமா? சண்டை போட்டுத் திரும்பியபோது பாகு அடிப்பிடித்திருந்தது. வீணாக்க மனம் வராமல் அப்படியே சேர்த்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்துப் பீப்பாயைத் திறந்து முதல் கோப்பையை ரோனாவிடம் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, உள்ளே போய்விட்டாள். பிறகு அவரும் டூகல்டும் குடித்தார்கள்.

"என்னய்யா இது, ஆத்துத் தண்ணி! ஆனா காலு ஏன் தள்ளாடுது?" என்றான் டூகல்ட்.

இன்னஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பீப்பாயைச் சாக்கடைப் பக்கம் உருட்டும்போது ரோனா ஓடிவந்தாள். "என் வாயில யாரோ எதையோ ஊத்துறாங்க! திராட்சை, கருகின சர்க்கரை... இன்னஸ், எனக்கு என்ன ஆச்சு?" டூகல்ட் இன்னொரு மடக்குக் குடித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சப்புக்கொட்டினாள். ஏன், எப்படி என்று மூவருக்கும் தெரியவில்லை. பாதிரியாரும் குடித்துப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய் வீட்டுக்குப் போனார்.

அடுத்த ஆண்டு இன்னஸ் அடுப்பை விட்டு அசையவில்லை. பாகு பதமாக வந்தது. அந்த ஏல் குடித்தவர் வாயிலேயே இனித்தது, சந்தையில் முதல் பரிசும் வாங்கியது. ரோனா சிரித்துக்கொண்டே கைதட்டினாள். அவள் நாக்கில் ஒரு சொட்டு ருசி இல்லை. இன்னஸுக்குப் பரிசைப் பார்க்கவே கசந்தது.

அதன்பின் ஒவ்வோர் அக்டோபரிலும், முதல் சாறு கொதித்ததும் அவர் போய் டூகல்டின் கதவைத் தட்டுகிறார்.

"வாடா வெளியே. அந்த நடுவர் பண்ணது சரின்னியே, இப்ப சொல்லு பாப்போம்!"

தெருவில் கருகல் வாடை வரும்வரை இருவரும் மனதாரச் சண்டை போடுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஊரார் வந்து, ருசியில்லாத அந்த ஏலை முறைவைத்துக் குடித்துவிட்டுப் போகிறார்கள். சமையலறையிலிருந்து ரோனாவின் குரல் மட்டும் கேட்கும்: "ஒரேயடியா முழுங்காதீங்கப்பா, மெதுவா!"