உடையாத சவுக்கார முட்டை

பப்பாசி இலைத் தண்டை நாலு விரல் நீளத்துக்கு நறுக்கி, அதன் பால் போகும்வரை அலசி, பதினோரு துண்டுகளை எஸ்தர் வாங்குப் பலகையில் வரிசையாக வைத்தாள். பிள்ளைக்காம்பராவில் அன்றைக்குப் பதினோரு பிள்ளைகள். தாய்மார் ரப்பர் மலையில் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்வரை அவளுடைய பொறுப்பு. சவுக்காரத்தைச் சீவித் தண்ணீரில் கரைத்து முட்டை முட்டையாகக் குமிழி ஊதிவிடப் பழக்க வேண்டும் என்பது டவுனிலிருந்து மாதம் ஒரு தரம் வந்துபோகும் ஹப்ஸா மிஸ்ஸின் ஏற்பாடு. "ஊதி ஊதித்தான் புள்ளைகள்ட ஒதடு பழகும், பேச்சும் திருந்தும். அப்படியே எண்ணவும் படிப்பாங்க," என்று போன தடவை சொல்லிவிட்டுப் போனார். எஸ்தர் தலையாட்டினாள். இந்த நாட்களில் அவள் எதற்கும் தலையாட்டினாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள்.

புருஷன் ஞானப்பிரகாசம் செத்து இருபத்தெட்டு நாள். காற்று அடித்த ஒரு காலையில், அவன் பால் வெட்டிக்கொண்டிருந்த மரத்தின் கொப்பு முறிந்து தலையில் விழுந்தது. அவிசாவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சவப்பெட்டி வீட்டுக்கு வந்தபோது நாலு வயது மகள் அருள்செல்வியை யாரோ மேல் லயத்து வீடு ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா எங்கே என்று கேட்ட பிள்ளையிடம், "ஆஸ்பத்திரியில இருக்காரு, பஸ்ஸில வந்திருவாரு" என்று அதே யாரோ சொல்லியும் வைத்தார்கள். அவ்வளவுதான், மொத்தத் தோட்டமும் அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தது. தண்ணீர்ப் பைப் உடைந்தால் ஒன்றுசேராத சனம் இதற்கு மட்டும் ஒரே வாயாக நின்றது. சின்னப் பிள்ளைகளுக்குக்கூடப் பாடம் பண்ணிக் கொடுத்திருந்தார்கள். எஸ்தர் மறுக்கவில்லை. மறுப்பதென்றால் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அழுகைதான் வரவில்லை என்றால் அந்த வார்த்தையும் வரவில்லை. வருகிற ஞாயிறு முப்பத்தோராம் நாள் செபம். மாதா கோயிலில் பேரை வாசிப்பார்கள். எவர் வாயிலிருந்தோ விழுந்து பிள்ளை பொறுக்கிக்கொள்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்பதுதான் தெரியவில்லை.

பிள்ளைகள் ஊதினார்கள். ஒருவன் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிட்டுத் துப்பினான். மற்றவர்கள் "எக்காய், தெக்காய்" என்று சிங்களத்தில் தொடங்கி "மூணு, நாலு" என்று முடித்தார்கள். பத்து மணி பஸ் கீழே வளைவில் ஹோர்ன் அடித்தது. அருள்செல்வி தண்டின் நுனியில் தொங்கிய முட்டையோடு வாசல் கேற்றுக்கு ஓடினாள். இருபத்தெட்டு நாளாக எந்த ஹோர்னுக்கும் அவள் ஓடாமல் இருந்ததில்லை. பஸ் நிற்காமல் போனது. முட்டை அதற்கு முன்பே உடைந்துவிட்டது.

"அம்மா, ஒடையாத முட்டை ஒண்ணு செஞ்சு குடுங்க. அப்பா வந்தா காட்டணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எஸ்தரோ, வாளியோடு பால் நிறுக்கப் போய்க்கொண்டிருந்த வெள்ளையம்மாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு செரட்ட பால் ஊத்துங்க."

"எதுக்கு புள்ள?"

"சவுக்காரத் தண்ணில கலக்க. ரப்பரு மாதிரி நிக்குமில்ல?"

வெள்ளையம்மா கேற்றில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள். மரத்தைச் சீவியே முப்பது வருசம் கழித்தவள். இது நடக்கிற காரியமில்லை என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் வாளியைச் சாய்த்து ஒரு சிரட்டை ஊற்றினாள். இருபத்தெட்டு நாளாக எல்லோரும் செய்த வேலைதானே இது!

பிள்ளையின் வாயில் ரப்பர் பால் படக் கூடாதென்று எஸ்தரே ஊதினாள். முட்டை வந்தது, பெரிதாகத்தான் வந்தது. ஆனால் மிதக்கவில்லை. மூக்குச்சளி போல் இழுபட்டுத் தொங்கி, அருள்செல்வியின் மஞ்சள் கவுணில் விழுந்து ஒட்டிக்கொண்டது. இன்னொன்றும் அப்படியே விழுந்தது. பிள்ளை தன் கவுணைப் பார்த்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"இது வேணாம். இத அப்பாவுக்குக் காட்ட ஏலாது."

"அப்பா வரமாட்டாரு," என்றாள் எஸ்தர்.

வெள்ளையம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பஸ் இல்லையா?"

"பஸ் வரும். அப்பா அதுல இருக்க மாட்டாரு. அப்பா செத்துப் போயிட்டாரு, மகள். மரக்கொப்பு விழுந்து அன்னைக்கே செத்துட்டாரு. கோயிலுக்குப் பின்னால பொதைச்சிருக்கோம்."

அவ்வளவு நாளும் வராத வார்த்தை, கடையில் சாமான் கேட்பது போல் லேசாக வந்து விழுந்துவிட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தன் குரல் நடுங்கும் என்று காத்திருந்தாள். நடுங்கவில்லை. வெள்ளையம்மாதான் அழுதாள். வாளியைத் தூக்கிக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி சரிவில் இறங்கிப் போனாள்.

அருள்செல்வி அழவில்லை. கவுணில் ஒட்டியதை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள். அது வரவில்லை. பிறகு உள்ளே போய், மற்றப் பிள்ளைகளின் சவுக்காரத் தண்ணீர்க் கோப்பையில் தண்டைத் தோய்த்து, மெதுவாக ஊதினாள். முட்டை தோடம்பழம் அளவுக்குப் பெருத்தது. அதைப் பறக்க விடாமல், ஊதிய நுனியை விரலால் அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்துத் தாயிடம் வந்தாள்.

"அம்மா, குனிங்க."

எஸ்தர் குனிந்தாள். பிள்ளை விரலால் அடைத்த நுனியை அவள் கன்னத்தருகே வைத்து விரலை எடுத்தாள். உள்ளே அடைபட்டிருந்த மூச்சு, ஊசித் துவாரத்தில் வருவது போல் மெல்ல மெல்லக் கன்னத்தில் பட்டது.

"காத்து வருதாம்மா?"

முட்டை தேசிக்காய் அளவுக்குச் சுருங்கியது, பிறகு நெல்லிக்காய் அளவுக்கு. அது முடிகிறவரை எஸ்தர் முகத்தை எடுக்கவில்லை.