நட்சத்திரம் விழுந்த பெயர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஆட்களைப் பார்த்துப் பிறக்கவில்லை. விருதுநகரில் ஃபாக்ஸ்புரோ என்ற, பட்டியல் வைக்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தபோது தெரிந்துகொண்ட ஒரு சங்கதியில் பிறந்தது. அதில் 'டெலீட்' என்றால் பட்டியலிலிருந்து பெயர் அழிவதில்லை. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். 'ரீகால்' என்றால் குறி போய்விடும். 'பேக்' சொன்ன பிறகுதான் குறி விழுந்த பெயர் ஒரேயடியாகப் போகும். இவ்வளவு பொறுமையை யோசித்தவர் நன்றாக இருக்கட்டும்.

2

வருடம் 2003. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. கம்ப்யூட்டர் வேலைக்கு வேல்விழி. அவள் எழுதிய புரோகிராம் தமிழில் இப்படி: கடைசிப் பெயர் வரும்வரை பார், பத்து நாளுக்கு மேல் வராதவர் என்றால் நீக்கு, அடுத்த பெயருக்குப் போ.* பட்டியலில் பெயர் இருந்தால்தான் காலையில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும்.

புரோகிராமை ஓட்டியதில் ஒரே நட்சத்திரம்: குருவம்மாள், பதினொரு நாள்.

[அவள் வராததற்குக் காய்ச்சல் என்று எழுதி அடித்துவிட்டேன். பிறகு, 'அன்று நடந்த வெடிவிபத்தில்...' வேண்டாம். இந்த ஊர்க் கதை என்றால் வெடித்தே ஆகவேண்டுமா? இருக்கன்குடி மாரியம்மன் சாட்சியாக, இதில் யாரும் சாக மாட்டார்கள்.]

* பட்டியலில் காரணத்துக்குக் கட்டம் இல்லை.

3

"பேக் போட்டுரும்மா," என்றார் மேனேஜர் சீனிவாசகம்.

"சார், அந்தக்கா எங்க தெருதான். பொன்மணிக்குப் பிள்ளை பிறந்திருக்கு, பாக்க ஆளில்லை. இவுகதான் சோறாக்கிப் போடுதாக."

"எந்தப் பொன்மணி? திரி வைக்கிற இடத்துல இவளோட சண்டை போட்டாளே, அவளா?"

"அவுகதான் சார்."

"ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாகளே."

"இப்பவும் பேசலை சார். சோத்தை வச்சிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டிட்டு, பேசாம வந்துருதாக."

சீனிவாசகம் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"பதினொரு நாளா வாயைத் திறக்காமலா? குருவம்மாளா?" என்றார். பிறகு செருப்பை மாட்டினார். "மொதலாளி கேட்டா, பத்து நாளுக்கு மேல வராதவுக பேரை எடுக்கச் சொன்னேன்னுதான் சொல்லுவேன். நான் டீ குடிச்சிட்டு வாரேன். வந்து நானே பேக் போட்டுக்கிடுதேன்."

4

வேல்விழி கண்ணை மூடி அம்மனை நினைத்து...

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். நான் முடித்தால் அது என் தயவாகிவிடும். கர்சர் குருவம்மாள் பெயரில்தான் நிற்கிறது. 'ரீகால்' ஆங்கிலத்தில் ஆறே எழுத்து. கீபோர்டை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

டீக்கடை பக்கத்தில்தான். ஆனால் சீனிவாசகம் மெதுவாக நடக்கிறார். அதை மட்டும் நான் எழுதிவிட்டேன்.