பன்னிரண்டு ஜெர்சியில் தப்பான வருஷம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. என் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்த பெண் சொன்னது. சரிபார்த்தது பத்து நிமிஷம், தன் அண்ணியைப் பற்றிப் பேசியது ஒன்றரை மணி நேரம்.

தொடக்கம் ஒன்று: எம்பிராய்டரி மெஷினின் ஊசி, மழைத்துளியைப் போல...

அடித்துவிட்டேன். ஊசி ஊசியைப் போலத்தான் இருந்தது.

தொடக்கம் இரண்டு: அண்ணியின் வயிற்றில் புளியைக் கரைத்தது.

இது பரவாயில்லை, இருக்கட்டும்.

2

அண்ணிக்கு எம்பிராய்டரி கடை. ஒரு நாள் காலை, பெண்கள் வாலிபால் அணியின் கோச் பன்னிரண்டு ஜெர்சிகளைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள்.

"அக்கா, நாங்க ஆடுனப்ப ஒரு பருந்து போட்டுக் குடுத்தீங்களே, அதேதான் வேணும். சாயங்காலம் நாலு மணிக்கு ஃபைனல்."

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது அந்த அணி ஃபைனலைப் பார்த்து. அண்ணி வாயெல்லாம் பல்லாக, "அதுக்கென்ன, மூணு மணிக்கு வந்து வாங்கிக்கோ" என்றுவிட்டாள்.

புளி கரைந்தது அதற்குப் பிறகுதான். பருந்து டிசைன் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கும் சாஃப்ட்வேர் பழைய சிஸ்டத்தில் மட்டுமே ஓடும். பழைய கம்ப்யூட்டர் செத்து நாலு மாதம்.

3

அண்ணி போன் போட்டதும் நாத்தனார், அதாவது எனக்கு இதைச் சொன்ன அதே பெண், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க அண்ணி. புதுக் கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு பழைய கம்ப்யூட்டரை ஓடவிடுறேன்."

"உள்ளயா? இடம் ஏதுடி?"

"நெஜமா ஒண்ணும் கெடையாது அண்ணி. திரையில தெரியுற இந்த ஜன்னலுக்குள்ள ஓடுற சிஸ்டம், தனக்குன்னு தனியா ஒரு மெஷின் இருக்கிறதா நெனச்சுக்கும்."

"பாவம்" என்றாள் அண்ணி.*

(* இந்தப் 'பாவம்' என் கைச்சரக்கு அல்ல. அண்ணியே சொன்னாளாம்.)

பழைய ஐகான்கள் வரிசையாக வந்து நின்றன. அண்ணி கைதட்டினாள். சாஃப்ட்வேர் மட்டும் முரண்டு பிடித்தது. இத்தனை வருஷம் தள்ளி வந்த தேதியைப் பார்த்து மிரண்டிருக்கிறது. நாத்தனார் டிசைன் எந்தத் தேதியில் செய்தது என்று பார்த்தாள். ஜன்னலுக்குள் இருந்த கடிகாரத்தை அந்தத் தேதிக்கே திருப்பிவைத்தாள். பருந்து திரையில் வந்துவிட்டது.

4

(இந்த இடத்தில் பரபரப்புக்காக ஒரு மின்தடை வைத்திருந்தேன். நாத்தனார் படித்தால் உதைப்பாள், எடுத்துவிட்டேன்.)

நடந்தது அதைவிட மோசம். பன்னிரண்டாவது ஜெர்சியை மடிக்கும்போதுதான் அண்ணி கவனித்தாள். அந்த டிசைன் பருந்தின் காலடியில் நடப்பு வருஷத்தைத் தானாகவே போட்டுக்கொள்ளும். யாரிடம் கேட்டுப் போடும்? ஜன்னலுக்குள் இருக்கிற கடிகாரத்திடம். பன்னிரண்டு நெஞ்சிலும் 2004.

மணி மூன்று. பிரித்துத் தைக்க நேரமில்லை.

"தேதியை மாத்துனது நான்தான் அண்ணி, கோச்சுகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"போடி. பாக்காம மெஷினை ஓட்டுனது நான்ல."

வாசலில் கோச்சும், அவள் பின்னால் மொத்த அணியும்.

5

முடிவு அ: கோச் கத்துகிறாள், அண்ணி அழுகிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை.

முடிவு ஆ: கோச் கவனிக்கவே இல்லை. சுத்தப் பொய்.

நடந்தது இதுதான். கோச் ஒரு ஜெர்சியை எடுத்து அந்த வருஷத்தை விரலால் தடவினாள்.

"அக்கா... அந்த வருஷம் நான்தான் கேப்டன். ஃபைனல்ல அஞ்சாவது செட்டு, ரெண்டே பாயின்ட்ல தோத்தோம். அதுக்கப்புறம் டீமே கலைஞ்சு போச்சு."

அழப்போகிறாள் என்று அண்ணி பயந்தாள். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போதைய கேப்டனான நெட்டைப் பெண் ஜெர்சியை அவள் கையிலிருந்து பிடுங்கி, போட்டிருந்த சட்டை மேலேயே மாட்டிக்கொண்டாள்.

"அப்ப இன்னிக்கு ரெண்டு ஃபைனல் கோச். ரெண்டையும் சேத்தே ஜெயிச்சுருவோம்!"

அண்ணி கடையைப் பூட்டிவிட்டு, ஃபைனல் பார்க்க நாத்தனாரின் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். கடை திறந்த நாளிலிருந்து பட்டப்பகலில் பூட்டியது அன்றைக்குத்தான். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

6

ஜெயித்தார்களா? நாத்தனார் என்னிடம் சொன்னாள். நான் எழுதமாட்டேன்.

நான் கதை அடிக்கும் சாஃப்ட்வேரும் அரதப்பழசு. அதனால் அண்ணிக்குப் போட்ட அதே ஜன்னலை அப்படியே நகலெடுத்து எனக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கடிகாரத்தை மாற்ற மறந்துவிட்டாள். இந்த வரியை அதற்குள்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன், மூலையில் 2004 என்று தெரிகிறது. இங்கே யாரும் இன்னும் தோற்கவில்லை. அஞ்சாவது செட், பதினாலுக்குப் பதினாலு. நெட்டைப் பெண் சர்வீஸுக்குப் பந்தை உயரே போட்டிருக்கிறாள். அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள்.

ஜன்னலுக்கு வெளியே இருப்பது நீங்கள்தானே? விசில் ஊதியாயிற்று, அடியுங்கள்.