அமிர்தாவின் மகள் அழுத குரல்

பிறந்த குழந்தைகளின் அழுகையை ஆராய்வது அமிர்தாவின் வேலை. திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில், குரலின் ஏற்ற இறக்கத்தையும் மூச்சுக்காக நிற்கும் இடைவெளியையும் கணினியில் அளந்து, நோயின் சாயல் எதிலாவது தெரிகிறதா என்று பார்ப்பாள். கர்ப்பமாக இருந்தபோது, தன் குழந்தையின் முதல் அழுகையைப் பதிவு செய்யவும் சம்மதித்திருந்தாள்.

மகள் மூன்றாம் நாள் இறந்துபோனாள். இதயத்தின் ஒரு பக்கம் சரியாக வளரவில்லை என்றார்கள்.

விடுப்பு முடியுமுன்பே அமிர்தா வேலைக்குத் திரும்பினாள். உதியன்குளங்கரை வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருக்க முடியவில்லை. கணவன் அகிலேஷுக்குக் கோழிக்கோட்டில் வேலை. வாரக் கடைசியில் வந்தாலும் குழந்தையின் பேச்சை எடுக்கமாட்டான். வாங்கி வைத்த சின்னத் துணிகளை அவனே எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். எங்கே என்று அவளும் கேட்கவில்லை.

அவளை அரித்தது வேறொன்று. எத்தனையோ அழுகைகளைக் கேட்டுப் பழகியவள், பிறந்ததும் மகள் அழுததைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்கும், தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தாள்.

பதிவைத் தேடியபோது கிடைக்கவில்லை. கூட வேலை செய்யும், வயதில் மூத்த குளத்தூர்க்காரி எமில்டா, அமிர்தாவின் கண்ணில் படாதிருக்க அதைத் தனியே எடுத்து வைத்திருந்தாள்.

“இப்போ அது ஒனக்கு வேணுமா மக்கா?”

“வேணும் சேச்சி. நான் எதக் கேக்காம விட்டேண்ணு தெரியணும்.”

எமில்டா பதிவைத் திறந்து கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

அமிர்தா முதலில் கேட்கவில்லை. மற்றக் குழந்தைகளுக்குச் செய்வதுபோல் அளந்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. மறுபடி அளந்தாள். பிறகுதான் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக் கேட்டாள். பலமான, கோபமான அழுகை. நடுவே ஒரு தும்மல்.

திரும்பி வந்த எமில்டாவிடம், “ஒண்ணும் இல்ல சேச்சி. நல்லா அழுதிருக்கா,” என்றாள்.

“அது நெஞ்சுக்குள்ள உள்ளதாக்கும். அழுகையில தெரியாது.”

ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இத்தனை நாள் தன்மேல் குற்றம் தேடிக்கொண்டிருந்தாள். இனி அந்த வேலையும் இல்லை. எமில்டா மேலிடத்தில் கேட்டு, தாய் என்ற முறையில் அவளுக்கு ஒரு பிரதி வாங்கித் தந்தாள்.

அந்த ஞாயிறு, பதிவு தன்னிடம் இருப்பதை அகிலேஷிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவினான். பையை எடுத்துக்கொண்டு, “நான் போயிற்று வாறேன்,” என்று மட்டும் சொல்லி ரயிலுக்குப் போனான்.

மறுநாள் சாயங்காலம், அதை அனுப்பச் சொல்லி அவனிடமிருந்து செய்தி வந்தது. அனுப்பினாள். பிறகு போன் அடித்தது. எடுத்தாள். அவன்தான். கோழிக்கோட்டு அறையில் மகள் அழுதுகொண்டிருந்தாள்.