மூச்சு விடாத மண்

1

இது நானே கண்டெடுத்த கதை அன்று, திருடியது. செகந்திராபாத்தை அடுத்த தார்நாகாவில் ஒரு திருமண விருந்தில் என் பக்கத்து இலைக்காரர் மண்ணை ஆராய்பவர். பாதிச் சோற்றோடு இலையை மூடி எழுந்தவர்களைப் பார்த்துவிட்டு, "மண் மூச்சு விடும் சார், தெரியுமா? நாம கொட்டுற சோத்தைத் தின்னுட்டு மூச்சு விடும்" என்றார்.

"விடாவிட்டால்?" என்று கேட்டேன்.

அவர் பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லாமல் விட்டதை நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

2

முதல் தொடக்கம்: முன்னொரு காலத்தில் பூமி எல்லா உயிர்களையும் கூப்பிட்டு, "என்னிடம் உண்டதில் ஒரு பிடியைத் திருப்பித் தாருங்கள்" என்றது. யானை சாணத்தைத் தந்தது. மரம் இலையை உதிர்த்தது. மனிதன் மட்டும்

[நிறுத்திவிட்டேன். மனிதனைத் திட்டுவதற்கென்றே தொடங்கும் கதைக்குள் மனிதன் வரமாட்டான்.]

இரண்டாம் தொடக்கம்: 2009, மார்ச் மாதம். மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் ஒரு முற்பகல், வள்ளியம்மாளின் வீட்டுக் கதவைச் சாருலதா தட்டினாள்.

இதுவே இருக்கட்டும்.

3

சாருலதா ஓர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவள். ஒரு குடும்பத்தின் உணவை விளைவிக்க எவ்வளவு நிலமும் நீரும் எரிபொருளும் செலவாகின்றன, கொட்டப்படும் உணவிலிருந்து எவ்வளவு கரி, அதாவது கார்பன், மண்ணில் தங்குகிறது என்று வீடு வீடாகப் போய் அளப்பது அவள் வேலை.

"வீட்ல எத்தனை பேர் சாப்பிடுறீங்க ஆன்ட்டி?"

"மூணு பேரு."

கொடியில் இரண்டு பேருடைய துணிகள்தாம் காய்ந்துகொண்டிருந்தன.

"ரெண்டுன்னு எழுதும்மா" என்றார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து துரைராஜ், வள்ளியம்மாளின் கணவர். அந்த மாதத்தோடு அவருக்குப் பணி ஓய்வு.

"ஹவ், ஆமா, இவியளுக்கு எப்பவும் ரெண்டுதான். நீ மூணுன்னே எழுதுட்டி. எம்மவன் ஜெயராம் போயி பத்து வருசமாச்சு. ஆனா ராத்திரிச் சோறு அவனுக்கும் வைக்கத்தான் செய்யுதேன். காலையில அது பின்னால குழிக்குப் போயிரும்."

"தினமும் நீங்களேதான் புதைப்பீங்களா?"

வள்ளியம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் தாளைத் திருப்பினார். அவருடைய நகக்கண்களில் மண் இருந்தது.

4

குழி கொய்யா மரத்துக்கு அப்பால் இருந்தது. பத்து ஆண்டுச் சோறு விழுந்த இடம் ஒரு விரற்கடைகூட உயரவில்லை. ஈயில்லை, எறும்பில்லை, வாடையில்லை. பக்கத்து வீட்டுக் கோழிகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின.

சாருலதா ஓர் உலோகக் கலயத்தை முதலில் கொய்யா மரத்தடியில் கவிழ்த்தாள். மண்ணிலிருந்து கிளம்பும் கரிக்காற்றைக் கருவி காட்டத் தொடங்கியது. எண் ஏறிக்கொண்டே போனது. பிறகு கலயத்தைக் குழியின் மேல் கவிழ்த்தாள். எண் அசையவில்லை. மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் அசையவில்லை. எடுக்கப் போனபோது கலயம் வரவில்லை. உள்ளிருந்து யாரோ உறிஞ்சிப் பிடித்திருப்பது போலிருந்தது. இரு கைகளாலும் இழுத்தாள்.

மண்ணில் விழுந்த சோற்றில் பெரும்பங்கு காற்றுக்குத்தான் போகும், தங்குவது கொஞ்சமே. அவள் அள்ளிப்போன மண்ணைச் சோதித்த ஆய்வுக்கூடத்தின் முடிவோ வேறுவிதமாக இருந்தது. ஒரு பருக்கையின் கரிகூடத் தப்பாமல், பத்து ஆண்டுச் சோறும் அங்கேயே இருந்தது. படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: 'வீணான உணவு', 'மண்ணில் சேமிப்பு'. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

[சாருலதாவை இங்கே சந்தேகிக்கிறேன். கருவி பழுது என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். ஏன் திரும்பிப் போனாள்? நான் அனுப்பவில்லை.]

5

1999-இல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். தெருவுக்கு நாலு பிள்ளைகள் கணினி படித்து அமெரிக்காவுக்குப் பறந்த காலம். ஜெயராம் இரண்டாம் முறையும் தேர்வில் தோற்றிருந்தான். இரவுச் சாப்பாட்டில் அவன் முதல் கவளத்தை எடுத்தபோது, துரைராஜ், "தண்டச்சோறு" என்றார்.

ஜெயராம் தட்டிலிருந்து எழுந்து

ஜெயராம் கையைக்கூடக் கழுவாமல்

ஜெயராம்

[முடியவில்லை.*]

* முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். அந்தச் சொல்லை எத்தனை பிள்ளைகளிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

6

சாருலதா மறுபடி வந்தபோது வீட்டில் பெட்டிகள் கட்டப்பட்டிருந்தன. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். புதுக் கட்டடத்துக்காக அடுத்த நாளே இயந்திரம் வந்து தோண்டும்.

"தோண்டினா உள்ள இருக்கிறதெல்லாம் காத்துல கலைஞ்சு போயிடும் ஆன்ட்டி" என்றாள். பிறகு தயங்கி, "அந்த மண்ணு மூச்சே விடல" என்றாள்.

வள்ளியம்மாள் திடுக்கிடவில்லை. பாத்திரத்தைத் துணியில் சுற்றியபடியே சொன்னாள்.

"எப்படி விடுவான்? சின்னதுலயே அப்படித்தான். கோவம் வந்தா மூச்சப் பிடிச்சுக்கிடுவான். மொகமெல்லாம் நீலம் பாரிச்சிரும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"நான் என்ன கூப்பிட்டாலும் விடமாட்டான். இவியதான் மொகத்துக்கு நேரா ஊதுவாவ. ஒடனே விட்டுட்டு அழுவான்."

உள்ளறையில் கயிறு கட்டிக்கொண்டிருந்த துரைராஜின் கை நின்றது.

"நக்கோ, நக்கோ, வேண்டாம்" என்றார் அவர், யாரும் எதுவும் கேட்காமலே. "மண்ணப் போயி ஊதவா? கிறுக்கன்னு சொல்லுவானுவ."

"அன்னைக்கு ஒரு சொல்லு சொன்னீயளே, அப்ப யாரு பாத்தா?" என்றாள் வள்ளியம்மாள்.

7

சில முடிவுகளை முயன்று பார்த்தேன்.

(அ) ஜெயராம் திரும்பி வருகிறான். குகட்பள்ளியில் சொந்த வீடு, கார். இது எனக்கு இனிக்கிறது, ஆகையால் நம்பமாட்டேன்.

(ஆ) இயந்திரம் தோண்டுகிறது. உள்ளே

[உங்களுக்கும் அந்த எண்ணம் வந்திருக்கும். இல்லை. அன்றிரவு அவன் செகந்திராபாத்தில் ரயிலேறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். குழிக்குள் சோற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. அதை உறுதியாகச் சொல்வேன். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.]

(இ) துரைராஜ் வெளியே வந்தார். செருப்பைக் கழற்றினார். குழியருகே மண்டியிட்டு, முகம் மண்ணைத் தொடுமளவு குனிந்து, "ஏலே" என்றார். பிறகு ஊதினார். கொய்யா இலைகள் அசையவில்லை. கோழிகள் நின்றன. சாருலதா கலயத்தைக் கவிழ்த்துக் கருவியைப் பார்த்தாள். எண்

8

அந்த எண்ணை நான் எழுதவில்லை. ஏறியது என்று எழுத எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் துரைராஜுக்குக் கிடைக்கும் மன்னிப்பு என் பேனாவின் தயவாகிவிடும். என் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து எனக்கு வரவேண்டிய மன்னிப்பையும் அதோடு சேர்த்து எழுதிக்கொண்டுவிடுவேன். அதைத் தரும் உரிமை என்னிடம் இல்லை.

இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

எண்: ________

உங்களை யாரேனும் ஒரு சொல்லால் தட்டிலிருந்து எழுப்பியிருந்தால், நிரப்புங்கள். எழுப்பியவர் நீங்களானால், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, குனியுங்கள்.