திறந்த மூலம்

ஞாயிறு விடிந்ததிலிருந்து பிரேமிளா கதிரையை விட்டு எழும்பவில்லை. கண்டாவளைப் பக்கத்துச் சனசமூக நிலையத்தின் கணினி அறை அது. திரையில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளைக் கட்டங்கள். கட்டங்களின் கீழே பெயர்கள் அப்படியே இருந்தன, வாலில் மட்டும் எவனோ ஒட்டிவிட்ட நாலு எழுத்து. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. நடுவே ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல்: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், அந்தப் பூட்டின் திறப்பு வேண்டுமென்றால் காசு அனுப்புங்கள்.

பக்கத்து மண்டபத்தில் நிர்வாகசபையின் அவசரக் கூட்டம். பூட்டியவன் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பிழை யாருடையது என்பதில் மட்டும் ஆளுக்கொரு தீர்ப்பு இருந்தது.

பூட்டுப்பட்டவை ஊரின் முகங்கள். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்தபோது அனேகரிடம் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. உடுப்பைத் தூக்குவதா, பட அல்பத்தைத் தூக்குவதா என்று நின்று யோசிக்க அன்றைக்கு யாருக்கு நேரம் இருந்தது? பிறகு வெளிநாட்டில் இருந்த சொந்தங்களிடம் கேட்டு, விடுமுறைக்கு வந்தவர்களின் பைகளைக் கிளறி, பிரேமிளாதான் ஒவ்வொன்றாக ஸ்கான் செய்து சேர்த்தாள். சாமத்தியவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா. கூலி கிடையாது. கேட்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

படங்கள் பெருகியபோது அவள் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னாள். கணினியை இயக்க லினக்ஸ் போடுவோம். இலவசம், அதைச் செய்த விதம் எல்லோருக்கும் தெரியும், பிழை இருந்தால் யாராவது கண்டுபிடித்துத் திருத்துவார்கள். கணினி வகுப்பில் படித்தபடியே பெயரையும் சொன்னாள்: திறந்த மூல மென்பொருள்.

தலைவர் யோகலிங்கம் கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தார். "பிள்ளை, எனக்கு ஏற்கெனவே மூலம். அது மூடிக் கிடக்கேக்கையே இருக்கேலாமல் கிடக்கு. திறந்த மூலமெண்டா ஆர் தாங்கிறது?"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பிரேமிளாவும் சிரித்தாள், சிரிப்பு வந்தால் என்ன செய்வது. அந்தச் சிரிப்போடு யோசனைக்கு முக்கால் உயிர் போய்விட்டது. மிச்சக் கால் உயிரை எடுத்தது பகிடி அல்ல, பயம். சிரிப்பு அடங்கியபின் அவரே கேட்டார்:

"எல்லாரும் பாக்கலாமெண்டா எங்கட பிள்ளையளின்ர படத்தையும் எல்லாரும் பாக்கலாம்தானே? ஆர் ஆர் வந்து பாப்பாங்களெண்டு உமக்குத் தெரியாதோ?"

"செய்த விதம்தான் ஐயா திறந்திருக்கும். அப்பத்துக்கு மா எப்பிடிக் கரைக்கிறதெண்டு ஊருக்கே தெரியும். அதுக்காக உங்கட குசினிக்குள்ள ஆரும் வந்திடேலுமோ?"

"அதுசரி. ஏன் சும்மா குடுக்கிறாங்கள்? தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாது எண்டுவினம். நாங்கள் பாக்காமல் வாங்கித்தானே பட்டனாங்கள்."

அவரைப் பிழை சொல்லவும் முடியாது. இந்த மண்ணுக்கு இலவசமாக வந்தவை எத்தனை, கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனபின் உடைந்தவை எத்தனை! திறந்து கிடப்பது எதுவும் இங்கே பாதுகாப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

கிளிநொச்சி நகரத்தில் கணினிக் கடை வைத்திருந்த கிருபன் மற்றப் பக்கம் நின்றான். "காசு குடுத்து வாங்குங்கோ. கம்பனிக்காரன் கிழமைக்குக் கிழமை பூட்டைப் புதுப்பிச்சுத் தருவான். ஏதும் நடந்தாக் கேக்க ஓர் ஆளாவது இருக்கும்." விலையைச் சொன்னான். அந்த வருடக் காற்று நிலையத்தின் கூரைத் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தது. கூரையா, மென்பொருளா என்றால் சபை கூரையைத்தானே பார்க்கும்?

கடைசியில் இரண்டு பக்கமும் தோற்றது. கிருபனே அந்த மென்பொருளின் களவுக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றினான். அது ஏறுவதற்காகக் கணினியின் வைரஸ் காவலையும் நிற்பாட்டிவிட்டான். வேண்டாம் என்று பிரேமிளா ஒருதரம் சொன்னாள், இரண்டாந்தரம் சொல்லவில்லை. இன்ரநெற்றில் ஒரு பிரதி வைக்கவும் சபை விடவில்லை. அதனால் தன் காசில் ஒரு வெளி டிஸ்க் வாங்கி, வேலை முடிந்ததும் கழற்றி அலுமாரிக்குள் பூட்டி வந்தாள். வெள்ளிக்கிழமை மழை இருட்டில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது அதைக் கழற்ற மறந்துபோனாள். கணினியில் ஏறிய வைரஸ் அந்த டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. இதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"அண்டைக்கே அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கலாம்" என்றது இப்போது மண்டபத்தில் ஒரு குரல்.

"அதையும் உடைப்பாங்கள். காசு குடுத்து வாங்கியிருந்தா இது வந்திராது" என்றது கிருபனின் குரல்.

"வாங்கவுமில்லை, திறக்கவுமில்லை, களவெடுத்தம். இப்ப கத்தி என்ன?" என்றார் யோகலிங்கம். ஆனாலும் கத்தினார்கள். படங்கள் போய்விட்டன, வாதம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் மிஞ்சியிருந்தது.

கூட்டத்துக்கு முன் கிருபன் அவளிடம் வந்து, "ஒண்டையும் அழிச்சுப்போடாதேங்கோ தங்கச்சி. சிலவேளை பிறகொருநாள் திறப்பு வெளியில வரும். முந்தியும் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். எப்போது என்று அவனுக்கும் தெரியாது.

வாசலில் செருப்புச் சத்தம். ஞானேஸ்வரி அம்மா. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் போராட்டக் கொட்டிலுக்கு மகனின் படத்தோடு போகிறவ. அந்தக் கொட்டில் வெயிலில் எந்தப் படமும் நெடுநாள் நிற்காது, முதலில் கண்ணும் பிறகு வாயும் வெளிறிவிடும். வெளிறியதை எறிந்துவிட்டுப் புதிது எடுக்க இங்கே வருவா. மூலப்படம் பிரான்சில் ஒரு சித்தியிடம் இருந்தது. சித்தி செத்து, அந்த வீட்டைத் துப்புரவாக்கியவர்கள் அல்பத்தைக் குப்பையோடு கொட்டிவிட்டார்கள். பிரேமிளா ஸ்கான் செய்ததுதான் மிச்சம்.

"பிள்ளை, நாளைக்குக் கொட்டிலுக்கு ஆக்கள் வருகினமாம். ஒரு பெரிய படமா அடிச்சுத் தாறியே?"

பிரேமிளா திரையைக் காட்டினாள். தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னாள்.

அம்மா குனிந்து வெள்ளைக் கட்டங்களின் கீழே எழுத்துக்கூட்டி வாசித்தா. மகனின் பெயரில் விரல் நின்றது. "இதில யதுர்ஷனெண்டு கிடக்கே. அப்ப உள்ளுக்க இருக்கிறான்தானே?"

"இருக்கு அம்மா. பூட்டிப்போட்டாங்கள்."

"காசு குடுத்தா விடுவினமோ?"

விடுவினமோ. முன்பு வவுனியாவில் ஒருவன் அம்மாவிடம் இதையேதான் சொன்னான்: இருக்கிறான், காசு குடுத்தால் விடுவார்கள். அம்மா வயலை விற்றுக் கொடுத்தா. பிறகு அவனையும் காணவில்லை.

"தோடு கிடக்கு, பிள்ளை. வீடு வளவும் கிடக்கு" என்று அம்மாவின் கை காதுக்குப் போனது.

கிருபன் சொன்னதைச் சொல்லலாம். அழிக்காமல் வைத்திருப்போம், ஒருநாள் திறப்பு வரும் என்று சொல்லலாம். சொன்னால் அம்மா கிழமைக்கொருதரம் இந்த வாசலுக்கு வருவா. இன்னும் ஒரு வாசல், இன்னும் ஒரு காத்திருப்பு. பிரேமிளா அந்தக் கையைப் பிடித்துக் காதிலிருந்து இறக்கினாள்.

"வேண்டாம் அம்மா. குடுக்காதேங்கோ. அது போச்சு. இனி வராது."

பொய்யா, உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. வாயிலிருந்து விழுந்ததை இனி எடுக்கவும் முடியாது.

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தா. "எத்தினை கந்தோர், எத்தினை ஆணைக்குழு. ஒருத்தனும் என்ர முகத்தைப் பாத்து இப்பிடிச் சொல்லேல்லை, பிள்ளை" என்றா.

"அம்மா, நான் படத்தைத்தான்..."

அம்மா கேட்கவில்லை. சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தா. மகன் போன நாளிலிருந்து அவ வாய்விட்டு அழுததில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது என்று, துக்கம் விசாரிக்க வந்தவர்களையும் ஏசிக் கலைத்தவ. இப்போது இரண்டு கையாலும் தலையில் அடித்தா. "என்ர ராசா" என்று தொடங்கிய குரல் ஒப்பாரியாக இழுபட்டு, சுவரைத் தாண்டி மண்டபத்துக்குள் போனது.

அங்கே வாதம் நின்றது. யாரோ கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள். யோகலிங்கம் வாசலுக்கு வந்து, செத்தவீடு யாருடையது என்று கேட்டார்.